அரை மாத்திரை

புன்டா அரேனாஸில் காற்று வலுக்கும் நாட்களில்
தெருமுனையில் கயிறு கட்டிவிடுவார்கள்.
போகிறவர்கள் அதைப் பிடித்தபடி போவார்கள்.
நான் பிடித்ததில்லை.
பதினோரு வருடமாய் எனக்கு வேறு கயிறு:
இரவு ஒன்பதரைக்கு ஒரு வெள்ளை மாத்திரை,
அரை டம்ளர் வெந்நீர்.

அதற்கு முன்னால்
என் மண்டைக்குள் மூன்று பேர் குடியிருந்தார்கள்.
இருவர் சண்டைக்காரர்கள்.
மூன்றாமவன் எண்ணிக்கொண்டே இருப்பான்,
படிகளை, பட்டாணியை,
போர்வெனீர் படகில் ஏறும் ஆடுகளை.
மாத்திரை வந்தது.
வாடகை பாக்கியோடு மூவரும் கிளம்பினார்கள்.
படகுத்துறையில் சீட்டுக் கொடுக்கும் வேலை கிடைத்தது.
சில்லறையில் ஒருநாளும் பிசகவில்லை.
எடை பதினெட்டுக் கிலோ ஏறியது. ஏறட்டும்.

ஜூலையில் மார்ச்சளி.
இருமலைக் கேட்டுவிட்டு யாரோ ஒரு டாக்டர்
ஐந்து நாளைக்கு எழுதித் தந்தார்.
மருந்துக்கடை வல்தேமாரோ கேட்கவில்லை,
ராத்திரி வேறென்ன விழுங்குகிறாய் என்று.
நானும் சொல்லவில்லை.
பின்னால் வரிசை நின்றது.
சொன்னால் திரும்பிப் பார்ப்பார்கள்.

நான்காம் நாள், ஜலசந்தியின் நடுவில்,
சீட்டுக் கிழிக்கிறவன் வராததால் படகில் நான்.
ஒரு லாரிக்காரனிடம் கை நீட்டினேன்.
அடுத்து நினைவிருப்பது
இரும்புத் தளத்தின் டீசல் வாடை,
கன்னத்தில் உப்பு,
தலைக்கு மேலே ஒரு குரல், வெளிக்குரல்தான்:
"இது அந்தக் கேஸ்தானே."

அவசரப் பிரிவில் கோப்பைத் திறந்தார்கள்.
முதல் பக்கத்தில் என் நோயின் பெயர்.
இரண்டாம் பக்கத்தை யாரும் புரட்டவில்லை.
"பதற்றம். மூச்சை இழுத்து விடுங்கள்."
இழுத்தேன். விட்டேன்.
நெஞ்சுக்குள் ஒரு மீன் புரண்டு புரண்டு விழுந்தது.

டாக்டர் யஸ்னாதான்
(என் மனசுக்கோ மூளைக்கோ அவர் டாக்டர்)
இதயத்தை வரையச் சொன்னார்.
நிபால்தோ என்று ஒரு பையன்,
"சில்லென்றிருக்கும், மன்னியுங்கள்" என்றபடி
பத்து இடத்தில் ஒட்டினான்.
கட்டம் போட்ட இளஞ்சிவப்புத் தாளில்
கோடாக ஊர்ந்து வந்தேன்.

யஸ்னா அளவுகோலை வைத்தார்.
மறுபடியும் வைத்தார்.
இங்கே தொடங்கினால் இங்கே அடங்க வேண்டும்,
உங்களுடையது அடங்காமல் இழுக்கிறது என்றார்.
ஐந்நூற்றுப் பதினான்கு.
ஒரு நொடியை ஆயிரமாய் நறுக்கினால்
அதில் ஐந்நூற்றுப் பதினான்கு துண்டு.
கண் இமைப்பதற்குள் தீர்ந்துபோகிற நீளம்.
குறிலாய் இருக்க வேண்டியது நெடிலாகிவிட்டது.
அந்த நீட்டலில் அடுத்த துடிப்பு இடறினால்
எழாமலே கிடக்கலாம்.
சளி மருந்தும் இரவு மருந்தும்
எனக்குத் தெரியாமல் கைகோத்துக்கொண்டன.

கோபம் வந்தது.
யார் மேல் என்று தெரியவில்லை.
பதினோரு வருடம் மண்டை வாசலில் நின்ற காவல்காரன்
ராத்திரிகளில் கீழே இறங்கிவந்து
மார்ப்பெட்டியைத் தட்டிப் பார்த்திருக்கிறான்.
"நிறுத்திவிடட்டுமா?"
"கூடவே கூடாது. குறைப்போம்.
வாரம் தவறாமல் வரைந்து பார்ப்போம்."
சளி மருந்து அன்றே குப்பைக்கு.
பொட்டாசியத்துக்கு வாழைப்பழம் தின்னச் சொன்னார்.
எக்வடோரிலிருந்து வரும் பழம்,
என்னைவிடக் களைத்து வந்து சேர்கிறது.

வீட்டில் வில்லையைக் கத்தியால் இரண்டாக்கினேன்.
ஒரு பாதி தெறித்து அடுப்புக்கடியில் போனது.
மிஞ்சியது அரை மாத்திரை.
மெய்க்கு அவ்வளவுதான் அளவு.

ஆகஸ்டில் நானூற்று நாற்பத்தாறு.
நிபால்தோ கட்டைவிரலை உயர்த்தினான்.
அந்த வாரமே மூன்றாமவன் திரும்பி வந்தான்.
சண்டைக்காரர்கள் இல்லை, அவன் மட்டும்,
குரல் கொஞ்சம் கம்மியிருந்தது.
யஸ்னாவிடம் மறைக்கவில்லை.
"தாங்க முடிகிறதா?"
"இப்போதைக்கு."
எழுதிக்கொண்டார்.

இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால்
தலையணைக்குள் துடிப்பு கேட்கிறது.
அவனுக்கும் கேட்கிறது போல.
எண்ணுகிறான். அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது,
எழுபத்தொன்று.
எழுபதை விட்டுவிட்டான்.
வெளியே கூரைத் தகரம் அடித்துக்கொள்கிறது.
எங்கே பிழை என்று கேட்டால் சொல்வேன்.
அவன் கேட்கவில்லை,
எழுபத்திரண்டு என்கிறான்.