மார்ச் பதினொன்று வரை

நீதிபதி நான்கு பக்கத்தில்
எங்களைப் பிரித்து வைத்திருக்கிறார்,
யாருடைய உரிமைக்கும் பாதகமின்றி.

ஞாயிறு மாலை ஐந்து மணி.
டிசம்பரில் தண்டர் பே அதற்குள் இருட்டிவிடும்.
டோனட் கடை வாசலில் இரண்டு கார்கள்,
இன்ஜினை அணைக்காமல்.

வீட்டுக்கடனில் பாதி என்னுடையது.
வீடு, மார்ச் வரை, காரினாவுடையது.
முதல் தேதி அறுநூற்று நாற்பது டாலர்.
பனி டயர் யார் பொறுப்பென்று
பத்தி ஒன்பதிலும் இல்லை, பத்திலும் இல்லை.
நாயைப் பற்றி ஒரு வரி கிடையாது;
அது தானாகவே அவளோடு தங்கிவிட்டது.

"இடைக்காலம்னா எத்தனை ராத்திரி?"
பின்சீட்டிலிருந்து சில்யா.
எண்ணப் பார்க்கிறேன்.
கையுறைக்குள் விரல்கள் ஒன்றாய் ஒட்டிக்கொள்கின்றன.

இரண்டு வீட்டுக்கும் பொது
அவளுடைய ஸ்கேட் பை மட்டும்.
"கட்டைவிரல் இடிக்குதுப்பா."
குனிந்து அழுத்திப் பார்த்தேன். இடித்தது.
உத்தரவு நவம்பரில் வந்தது.
கால் அதைப் படிக்கவில்லை.

காரினா கண்ணாடியை இறக்கினாள்.
மூன்று வாரமாக
வக்கீல்கள் வழியாகத்தான் எங்கள் பேச்சு.
"சைஸ் ரெண்டு ஆயிடுச்சு" என்றேன்.
"பழசே வாங்கு ரெய்யோ. பாதி நான் தர்றேன்."

பாதி.
இந்தச் சொல்லை இத்தனை நாளில்
யாரும் இவ்வளவு சும்மா சொன்னதில்லை.

பை கைமாறியது. சில்யாவும்.
ஓடும்போது கொஞ்சம் நொண்டினாள்,
வலித்தா, விளையாட்டுக்கா, தெரியவில்லை.

ராத்திரி பத்தரைக்குப் பணம் வந்தது.
குறிப்புக் கட்டத்தில் அவள் எழுதியிருந்தாள்:
"இடது காலுக்கு."