இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம்

உழவு மெசின் பெட்டியில்
வைக்கோலுக்கு மேல் உங்களைக் கிடத்தி
வலையிறவுப் பாலம் வரை வந்தோம்.
சென்றியில் எல்லாரையும் இறங்கச் சொன்னார்கள்.
இவர் இறங்கமாட்டார் என்றேன்.
அதைச் சொன்ன பிறகுதான்
எனக்கே அது விளங்கியது.

கதவுப் பலகையில் கட்டிக் கொண்டுவந்திருக்க வேண்டுமாம்,
முதுகு அசையாமல்.
மறுகாதான் சொன்னார்கள்.
வரம்பிலிருந்து கைக்கொன்று காலுக்கொன்றாய்
உங்களைத் தூக்கிய நாலு பேரில்
நானும் ஒருத்தி.

மட்டக்களப்பு ஆசுப்பத்திரி.
டொக்டர் படத்தை யன்னல் வெளிச்சத்துக்குப் பிடித்தார்.
முள்ளெலும்பின் ஓரம்
புளியங்கொட்டையளவு ஒரு வெள்ளை.
"எடுக்கமாட்டீங்களா?"
"அது இப்ப சும்மா கிடக்குது அம்மா.
வந்த வழியிலதான் எல்லாத்தையும் கெடுத்துப்போட்டுது."
குண்டை உள்ளே வைத்துக்கொண்டு
ஆள் எப்படித் தேறும் என்று
கச்சேரியில் வேலை செய்யும் மாமா
மூன்று பக்கத்தில் கடிதம் போட்டார்.

பெருவிரலில் தொடங்கியது ஊசி.
தெரியுதா? இல்லை.
தெரியுதா? இல்லை.
முழங்காலில் நீங்கள் "ஓம்" என்றீர்கள்.
ஊசி அப்போது அவர் உள்ளங்கைக்குள் இருந்தது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும்தான்.
தொப்புளுக்கு ஒரு விரல் மேலே
மூச்சை இழுத்தீர்கள்.
அவ்விடத்தில் நீலப் பேனையால் ஒரு கோடு.

உடம்பு துடைக்கையில்
அந்தக் கோட்டை மட்டும் விட்டுத் துடைத்தேன்.

தலைமாட்டில் ஒரு தாள் தொங்கியது:
இடம், மல்லாக்க, வலம்.
இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம்.
தலைக்கு ஒராள், தோளுக்கு, இடுப்புக்கு, காலுக்கு.
ஒரே மரமாய், ஒரே நேரத்தில்.
"நான் எண்ணுறன், மூண்டு எண்டதும் கிறுகணும்" என்பா
தாதி கமலாவதி.

இரவு இரண்டு மணிக்கு
நாலு பேருக்கு எங்கே போவது?
பக்கத்துக் கட்டில் ஆதம்லெவ்வையின் மகன்
பாயைச் சுருட்டிவிட்டு எழும்பி வருவான்.
மூன்று மணிக்கு அவன் வாப்பாவுக்கு
நான் கால் பிடிப்பேன்.
அவரைச் சுட்டது ஆர், உங்களைச் சுட்டது ஆர் என்று
இரண்டு பேரும் கேட்டதில்லை.
நாரியில் ஒரு சிவப்பைக் கண்டால்
கூப்பிட்டுக் காட்டுவோம்.
"விரலால அமத்திப் பாருங்க ராத்தா, வெளுக்குதா?"
வெளுத்தால் தப்பினோம்.
வெளுக்காவிட்டால் அடியில் புண் தொடங்கிவிட்டது.
வெளிச்சம் போன இரவுகளில்
குப்பிவிளக்கைப் பிடித்துக்கொண்டு
ஒருவர் ஆம்பிளையின் முதுகை மற்றவர் வாசித்தோம்,
நானும் அவன் உம்மாவும்.

ஒன்பதாம் நாள்
தொப்புளுக்குக் கீழே ஊசி தெரிந்தது.
புதுக் கோடு.
இரண்டுக்கும் நடுவே என் மூன்று விரல்.
அன்றைக்குத் தாதியை எண்ணவிடாமல்
நானே எண்ணினேன், சத்தமாய்.

அதோடு சரி.
மாதம் முழுக்க
அதே இடத்தில்தான் பேனை போய் நின்றது.
ஒருநாள் கோட்டையும் சேர்த்துத் துடைத்தேன்.

சலக்குழாய் போடப் பழகினேன்.
கொதிதண்ணி, சவர்க்காரம், மறுபடியும் சவர்க்காரம்.
லொறி டியூபைக் காற்றடித்து
உட்காரும் வளையமாக்கினேன்.
உங்கள் முதுகை நீங்களே பார்க்க
கம்பில் கட்டிய முகக்கண்ணாடி.
அதில் ஒருநாள்
என் முகத்தையும் பார்த்துவிட்டீர்கள்.
"கிழண்டிப்போனாய்" என்றீர்கள்.
இரண்டு பேரும் சிரித்தோம், வயிறு நோக.
உங்களுக்குப் பாதி வயிறுதான் நொந்திருக்கும்.

நேற்றிரவு,
மல்லாக்கக் கிடந்து கூரையைப் பார்த்தபடி கேட்டீர்கள்:
"அண்டைக்கு என்னைத் தூக்கின நாலு பேரும் ஆரார்?"
குருகுலசிங்கம், என்றேன்.
வட்டவிதானையின் மகன்.
பால்கார வேலாப்போடி.

மணிக்கூட்டின் முள் சத்தம் கேட்டது.
நீங்கள் எண்ணியிருப்பீர்கள்.
ஒன்றும் சொல்லவில்லை.

அலாரம் அடித்தது.
என் கழுத்தில் கையைப் போட்டு
"மூண்டு எண்டதும்" என்றீர்கள்.
வலப்பக்கம்.