மாவு டப்பாவில் தொலைபேசி

தீ வந்த இரவில் தியோலிந்தா
பதினோரு மணி நேரம் நாற்காலியை விட்டு எழவில்லை.
நூற்றுப் பன்னிரண்டு. அவசரம். எங்கிருந்து பேசுகிறீர்கள்?
நூற்றுப் பன்னிரண்டு. அவசரம். எங்கிருந்து?
இருநூற்று ஆறு அழைப்புகள்.
ஒருவர் மட்டும் இடமா வலமா என்று கேட்டார்.
இடம் என்றாள்.
அப்புறம் காற்றின் இரைச்சல்.
அப்புறம் அதுவும் இல்லை.

செப்டம்பரில் ஒரு கடிதம்:
நிலையம் மூடப்படுகிறது, இனி எல்லாம் கோயிம்ப்ராவில்.
பதினேழு வருட நாற்காலியைக்
குப்பை வண்டியில் தலைகீழாக ஏற்றினார்கள்.
சக்கரங்கள் கொஞ்ச நேரம் சுற்றின.

குளிர்காலம் முழுக்கப் படுத்தே கிடந்தாள், தூங்காமல்.
கெட்டில் விசிலடித்தால் முதுகு விறைக்கும்.
தொலைபேசியை மாவு டப்பாவில் போட்டு மூடினாள்.
இரவில் எடுத்து சார்ஜ் ஏற்றுவாள், விடிந்தால் மறுபடி மாவுக்குள்.
ஏன் என்று அவளுக்கே தெரியாது.

பார்க்க வந்தவர்கள் வெளியே கை காட்டினார்கள்:
பார், கருகிய மரத்தில் தளிர்!
யூக்கலிப்டஸ் அது, பேராசை பிடித்த மரம்,
சாம்பல் ஆறும் முன்பே தண்ணீருக்கு அலையும்.
அதைக் காட்டியா எனக்கு ஆறுதல்
என்று கேட்கவில்லை. காபி கொடுத்து அனுப்பினாள்.

மருத்துவர் கித்தேரியா சொன்னார்:
மூச்சு முட்டும்போது அறையில் இருப்பதையெல்லாம்
ஒவ்வொன்றாகப் பேர் சொல்லுங்கள்.
சொன்னாள், அவள் மொழியில்:
ஜன்னல். மேசை. அலமாரி. சாவி.
(எப்போதோ கப்பலேறி எங்களிடம் வந்த சொற்கள்,
எனக்கு மொழிபெயர்க்கும் வேலை வைக்கவில்லை.)
சாவியில் நின்றுவிட்டாள்.
அந்த ஆள் கார் சாவியைத் தேடிக்கொண்டேதான் பேசினார்.
இன்றைக்கு மேசை வரை போதும், என்றார் கித்தேரியா.

மார்ச் முழுதும் மேசை வரை.
ஏப்ரலில் ஒரு நாள் அலமாரி.
ஒரு செவ்வாய் மதியம் சோபாவில் வாய் பிளந்து தூங்கிப்போனாள்.
விழித்தபோது அடுப்பில் பீன்ஸ் தீய்ந்திருந்தது.
அந்த வாடைக்கு நடுங்கவில்லை,
கெட்ட வார்த்தை சொல்லிச் சட்டியைச் சுரண்டினாள்.

அந்த நாட்டில் தொலைபேசியை எடுத்தால்
எஸ்தோ என்பார்கள். இருக்கிறேன் என்று அர்த்தம்.
நிலையத்தில் அதற்கு இடமில்லை,
மற்றவர்கள் இருக்கிறார்களா என்பதே அங்கே பேச்சு.

மே மாதம், ரொட்டிக்கு மாவள்ளும்போது
டப்பா அதிர்ந்தது.
வெள்ளை விரல்களோடு எடுத்தாள்.
எஸ்தோ.

மத்தி மீன் கிலோ என்ன விலை, என்றது ஒரு குரல்.
தவறான எண் என்று சொல்ல வாயெடுத்து
எங்கிருந்து பேசுகிறீர்கள், என்று கேட்டுவிட்டாள்.
பழக்கம்.

பஸ் நிறுத்தத்திலிருந்துதான் அம்மா,
வெயில் கொளுத்துது, சீக்கிரம் சொல்லுங்க.