கூரைக்குக் கைப்பிடி

கிளாக்ஸ்விக்கில் விடியாத ஒரு ஜனவரிக் காலை.
ரன்வா மூன்று சுவர்களை இழுத்து நிறுத்தினாள்;
நான்காவது தானே வந்து ஒட்டிக்கொண்டது.

கூரைப் பட்டியலில்
ஓடு, தகரம், மூங்கில்கூட உண்டு.
புல் இல்லை.

தோட்டப் பக்கத்துப் புல்தரையை எடுத்து
சரிவின் மேல் ஊற்றினாள்.

மென்பொருள் கொஞ்சம் திணறியது.
புல் என்றால் தரை.
தரை என்றால் யாராவது நடப்பார்கள்.
உயரமோ நாலரை மீட்டர்.
கேட்காமலே விளிம்பெங்கும்
கைப்பிடிக் கம்பி நட்டுவிட்டது.

அழிக்கப் போனாள்.
"இரு," என்றான் ஹெய்னி, காபியோடு.
"இதுக்கு நம்ம ஆடுகளைத் தெரியும்போல."

சிரித்துக்கொண்டே வந்தவள்
வடக்கு மூலையில் நின்றுவிட்டாள்.
பழைய வீட்டில்
கறுப்புக் கிடா விழுந்தது அங்கேதான்.

கம்பியைச் சொடுக்கி,
ஒரு மீட்டர் என்றிருந்ததை அழித்து
ஐம்பது சென்டிமீட்டர் என்று அடித்தாள்.
நெஞ்சளவு.