மூடினால் தெரிவது

தார்த்து மருத்துவமனை, மூன்றாம் மாடி.
பனி ஒட்டிய காலணிகளை
வாசலிலேயே கழற்றச் சொன்னார்கள்.
கவுபோவின் முன்னால் ஒரு கெட்டிலை வைத்தார்
டாக்டர் விர்வே.
"என்ன இது?"

அவன் வெகுநேரம் பார்த்தான்.
வளைவு தெரிகிறது என்றான். பளபளப்பு.
ஒரு பக்கம் மூக்கு மாதிரி ஏதோ.
"வாத்தா?"

சிரித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

எடுங்கள் என்றதும்
கை நேராகப் போனது,
பிடியின் அகலத்துக்கு
விரல்கள் முன்கூட்டியே விரிந்து.
தொட்ட பிறகு சொன்னான்: "அட, கெட்டில்."

மனதிலிருந்து ஒன்று வரையச் சொன்னார்கள்.
எங்கள் வீட்டுக் கெட்டிலே தாளில் வந்தது,
மூடியின் குமிழ் உடைந்து
நான் வைன் தக்கை செருகியது உட்பட.
அடுத்த புதனன்று அதே தாளைக் காட்டியபோது
"யாரோ நன்றாக வரைந்திருக்கிறார்கள்" என்றான்.
"என்ன அது?"

திரையில் அவன் தலை
சாம்பல் நிறத்தில், துண்டு துண்டாக.
கண்ணிலிருந்து ஏறிவர ஒரு படிக்கட்டு,
நினைவிலிருந்து இறங்கிவர இன்னொன்று;
அவ்வளவு எளிதில்லை,
ஆனாலும் இப்படி வைத்துக்கொள்ளுங்கள் என்றார் விர்வே.
பக்கவாதம் முதலாவதை உடைத்திருக்கிறது.

"மனைவியின் முகம்?"
"வாய் திறக்கும்வரை யாரோ ஒரு பெண்.
கண்ணை மூடினால் யூல்லே.
மூக்கின்மேல் அம்மைத் தழும்போடு."

"உங்களுக்கு?" என்று
என் பக்கம் திரும்பினார், சும்மாதான்.

மூடினேன்.
இருட்டு. எப்போதும் இருக்கிற இருட்டு.
ஐம்பத்தெட்டு வருஷமாக
மனக்கண் என்பதை
மனம் உடைந்தது, வயிறு எரிந்தது மாதிரி
வெறும் பேச்சென்று நினைத்திருந்தேன்.
நிஜமாகவே பார்க்கிறீர்களா
நீங்கள் எல்லோரும்?

பேருந்தில் இருவரும் பேசவில்லை.
ஆறு உறைந்து கிடந்தது.

இரவு, சூப் கொதிக்கும்போது கேட்டேன்:
லெய்டா எப்படி இருப்பாள், சொல்லு.
என் தங்கை.
புதைத்த நாளிலிருந்து
புகைப்படத்தில் தவிர எங்கும்
எனக்குக் கிடைக்காத முகம்.

கண்ணை மூடினான்.
"இடது புருவம் கொஞ்சம் மேலே.
முன்பல்லில் சின்ன விரிசல்.
காதில் பச்சைக் கல், ஒன்றுதான்,
மற்றதை நீந்தும்போது தொலைத்துவிட்டாள்…"

எனக்கு ஒன்றும் தெரியவில்லை.
ஒவ்வொன்றுக்கும் ஆமாம், ஆமாம் என்றேன்.
ஆமாம்தான்.

கண் திறந்தவன்
மேசைமேல் கிடந்ததைக் காட்டினான்:
"இந்த மீனை எப்போது வாங்கினாய்?"
என் கையுறை, என்றேன்.
"ஓ" என்று
மறுபடி மூடிக்கொண்டான்.
"எங்கே விட்டேன்?"

பச்சைக் கல்.