இறகு

வண்டிப்பெரியாறு பாலத்துக்குப்
பத்து மணிக்கு வரச்சொன்னார்கள்.
தலைக்கு நானூற்றைம்பது, பிரியாணி தனி.

முகத்தில் செங்காவி அப்பி
கோழியிறகு செருகிவிட்டான் எல்தோஸ்.
"அமெரிக்காவில் அன்றைக்கு இப்படித்தான்
வேஷம் கட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள்,
ராஜாவின் வரி ஒழிந்தது!"
மைக்கில் ரிசார்ட் முதலாளி.
ஏழு வருஷக் கட்டட வரி பாக்கி அவருக்கு.
எனக்கு லயத்தில் ஓர் அறை,
அதுவும் கம்பெனியுடையது.

பெட்டியைத் தூக்கியதும் வாசனை சொல்லிவிட்டது:
எங்கள் டிவிஷன் தூள்.
போன மாசம் செண்பகக்கனி
அட்டைக்கடியோடு கிள்ளிய கொழுந்தாயிருக்கும்.
கை ஒரு நொடி நின்றது.
"கொட்டுடே, கேமரா ஓடுது."

கொட்டினேன்.
பெரியாறு பத்தடி கறுத்து
பிறகு தன் நிறத்துக்குப் போயிற்று.

காலிப்பெட்டியின் அடியில் கடைச்சீட்டு.
ஐந்து சதவீத வரி,
பைசா பாக்கியில்லாமல்.

கூலி நாளைக்காம்.
இறகை மட்டும்
எண்ணி வாங்கிக்கொண்டார்கள்.