காலையில் ஒன்று, இரவில் ஒன்றரை

பீல் நகரில் எல்லாத் தெருவுக்கும் இரண்டு பெயர்.
எனக்கு அது பழக்கம்.
ஒரு வாயில் மூன்று மொழி வைத்து
மணிக்கணக்கில் சம்பளம் வாங்குகிறவள் நான்.

மாசியில் ரயில் நிலையத்துக்கு முன்னால் விழுந்தேன்.
கண் திறந்தபோது உள்ளங்கையில்
யாரோ அழுத்தி வைத்த இரும்புக் கொத்து.
தமிழ்க் கடைக்காரருடையது.
வலிப்புக்கு இரும்பு குடுக்கவேணும் என்பதை
முப்பது வருஷம் பனியில் நடந்தும் மறக்காத மனிசன்.
"கடை பூட்டவேணும் தங்கச்சி" என்று
பிறகு மெல்லத் திருப்பிக் கேட்டார்.

டொக்டர் ஸ்பின்டன் குளிசை எழுதினார்.
அதன்பிறகு நான் விழவில்லை.
இதை முதலில் சொல்லிவிடவேணும்.
எட்டு மாதம், ஒருக்காலும் இல்லை.

விரல் நுனியில் எறும்பு ஊர்கிறது,
உதறினால் எறும்பு இல்லை.
காஸ் தண்ணீரில் காஸ் இல்லை,
ஐந்து ராப்பன் காசை நக்கின ருசி.
சட்டைகள் தளர்ந்துவிட்டன.
என்ன டயட் என்று கோயிலில் கேட்கிறார்கள்,
பொறாமையோடு.

பிறகு, சொற்கள்.

கீழ்க்கதவடியில் நிற்கிறேன்.
கையில் சாமான் இருக்கிறது,
பல்லுப் பல்லாக, குளிராக.
ஷ்லுஸ்ஸல் வந்தது. க்ளே வந்தது.
தமிழ் வரவில்லை.
"இந்தச் சாவி இறுகுது" என்றேன் கடைசியில்.
ஆரணி சிரித்தாள்.
"என்னம்மா, படத்தில கதைக்கிற மாதிரி?
திறப்பு."
திறப்பு, திறப்பு, திறப்பு என்று
மூன்றாம் மாடிவரை சொல்லிக்கொண்டு ஏறினேன்,
கடைக்கு அனுப்பின பிள்ளை போல.

நேற்று ஆஸ்பத்திரியில் வேலை.
நாகேந்திரம், அறுபத்திரண்டு வயது, சமையல்காரர்,
முதல் வலிப்பு அடுப்படியில்.
வேறு டொக்டர், அதே குளிசை.
அந்தப் பெண் பக்கவிளைவுகளை வாசிக்க
நான் பின்னாலேயே சொல்லிக்கொண்டு போனேன்.
விறைப்பு. பசியின்மை. சிறுநீரகக் கல்.
அடுத்தது ஜெர்மனில் நீளமான ஒற்றைச் சொல்.
விளங்கியது. நன்றாகவே விளங்கியது.
வாயைத் திறந்தேன்.

டொக்டர் பேனையை மூடினார், திறந்தார்.
நாகேந்திரம் என் முகத்தையே பார்த்தார்,
எண்ணெய் சூடாகிவிட்டதா என்று
சட்டியைப் பார்க்கிற கண்ணால்.

"வருகுதில்லையோ, பிள்ளை?" என்றார்.
"இதுதானோ அது?"

ஓம் என்றேன்.
பிறகு டொக்டரிடம் திரும்பி, ஜெர்மனில்:
அவருக்கு விளங்கிவிட்டது.